குரோமியமும் "பாதி நிரம்பிய கூடும்"

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், அணு எண் 24 கொண்ட குரோமியத்துக்கு 4எஸ் ஆர்பிட்டாலில் (அணுவில் எலக்ட்ரான் இருக்கும் பகுதியில்) இரண்டு, ஐந்து ஆர்பிட்டால்கள் கொண்ட 3டி-யில் நான்கு என எலக்ட்ரான்களை எழுதினாள். சரியான விடை 4எஸ்-இல் ஒன்று, பத்து எலக்ட்ரான்கள் கொள்ளும் 3டி-யில் ஐந்து என்கிறார்கள். "பாதி நிரம்பிய கூடு உறுதியானது" என்ற விளக்கம் போதுமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: போதாது. அதை மனப்பாடம் செய்யும்படி மகளிடம் சொல்லாதீர்கள். நம் தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் சுரங்கங்களில் கிடைக்கும் பிளாட்டினத்தையே பாருங்கள்: 5டி-யில் ஒன்பது, 6எஸ்-இல் ஒன்று, பாதியும் இல்லை, முழுமையும் இல்லை. அதே தாதுவில் உடன் கிடைக்கும் ருத்தேனியத்தில் 4டி-யில் ஏழு, 5எஸ்-இல் ஒன்று. பாதி நிரம்புவதுதான் காரணம் என்றால், தனிம அட்டவணையில் குரோமியத்தின் தொகுதியிலேயே இருக்கும் டங்ஸ்டன் 5டி-யில் நான்கையும் 6எஸ்-இல் இரண்டையும் வைத்திருப்பது ஏன்?

3டி-க்கு முன்பே 4எஸ் நிரம்பும் என்ற வரிசை பொட்டாசியத்துக்கும் கால்சியத்துக்கும் பொருந்தும். ஸ்காண்டியம் முதல், உட்கருவின் மின்னூட்டம் ஏறுவதால், 3டி ஆற்றலில் 4எஸ்-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஆயினும் எல்லா எலக்ட்ரான்களும் 3டி-க்குள் போவதில்லை. அந்த ஒடுங்கிய இடத்தில் அவை ஒன்றையொன்று கடுமையாக விலக்குவதால், ஒன்றிரண்டு எலக்ட்ரான்கள் பரந்து கிடக்கும் 4எஸ்-இல் இருக்கும்போதுதான் அணுவின் மொத்த ஆற்றல் குறைகிறது. அயனியாகும்போது முதலில் வெளியேறுவதும் 4எஸ் எலக்ட்ரான்தான். குரோமியத்தில் 4எஸ்-இன் இரண்டாவது எலக்ட்ரான் எதிர்ச் சுழற்சியுடன் (சுழற்சி என்பது எலக்ட்ரானின் "ஸ்பின்" எனும் பண்பு) இணை சேர வேண்டியிருக்கும். காலியாக உள்ள ஐந்தாவது 3டி ஆர்பிட்டாலுக்குச் சென்றாலோ ஆறு எலக்ட்ரான்களும் ஒரே சுழற்சி பெறுகின்றன. ஒரே சுழற்சி கொண்டவை இயல்பாகவே விலகி நிற்பதால் அவற்றிடையே விலக்கம் குறையும். இந்த லாபம் மேலோங்குமா என்பதை ஒவ்வொரு அணுவுக்கும் தனியாகக் கணக்கிட்டே சொல்ல முடியும். டங்ஸ்டனில் சார்பியல் விளைவு (கனமான அணுவில் எலக்ட்ரான்கள் மிக வேகமாக இயங்குவதால் வருவது) 6எஸ்-ஐச் சுருக்கி ஆற்றலைத் தாழ்த்துகிறது. ஆகவே அங்கே அந்த இணை பிரிவதில்லை.

நம் நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்திட்டம் எலக்ட்ரான் அமைப்பை அணு எண் 20-உடன் நிறுத்துகிறது. அது மிகச் சரியான எல்லை. 4எஸ் முதலில் நிரம்பும் என்ற விதி பிசகாமல் பொருந்துவதும் அதுவரைதான். அதைத் தாண்டிக் கேள்வி கேட்பவர்கள், குரோமியத்தின் அமைப்பு நிறமாலையை (அணுவின் ஒளி நிறம் நிறமாகப் பிரிவதை) அளந்து அறியப்பட்டது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உங்கள் மகள் பாடத்தில் படித்த விதியைப் பிழையின்றிப் பயன்படுத்தியிருக்கிறாள். முதலில் அவளைப் பாராட்டுங்கள். பிறகு, மூன்று எலக்ட்ரான்களை இழந்த குரோமியம் அயனியை எழுதச் சொல்லுங்கள். 4எஸ் காலி, 3டி-யில் மூன்று என்று எழுதினால், அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.