பேரிடருக்குப் பின் ஓர் ஊரின் விளையாட்டும் உடற்பயிற்சியும் என்னவாகின்றன?

இயற்கைப் பேரிடர்கள் மக்களின் விளையாட்டு, உடற்பயிற்சிப் பழக்கங்களை எவ்வாறு பாதிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். உடற்கல்வித் துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் நான் பல ஆண்டுகளாக அக்கறையோடு படித்துவரும் ஜப்பானின் வடகிழக்குக் கரையை வைத்தே பதில் சொல்கிறேன்.

2011 மார்ச் 11 அன்று 9.0 அளவிலான நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அக்கரையோர ஊர்களை அழித்தபின், வீடிழந்தோருக்குத் தற்காலிகக் குடியிருப்புகள் கட்டுவதற்கு அலை எட்டாத சமதள நிலம் உடனே தேவைப்பட்டது. மலைகள் கடல்வரை நெருங்கி நிற்கும் அப்பகுதியில் அத்தகைய நிலம் அரிது என்பதால், பல பள்ளி மைதானங்களில் வரிசையாக வீடுகள் எழுந்து, சில ஆண்டுகள் அங்கேயே நின்றன. கூரையே முதல் தேவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் ஒரு மாணவனின் பள்ளிப் பருவமே அந்தச் சில ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது.

ஃபுகுஷிமா மாகாணத்தில் மைதானம் இருந்தும், அப்பேரிடரில் நேர்ந்த அணுமின் நிலைய விபத்தின் கதிர்வீச்சு அச்சத்தால் பிள்ளைகள் வெளியே விளையாடுவது கட்டுப்படுத்தப்பட்டது. 2012ஆம் ஆண்டின் கல்வி அமைச்சகக் கணக்கெடுப்பில், பல வயதுப் பிரிவுகளில் உடற்பருமன் விகிதம் நாட்டிலேயே அம்மாகாணத்தில்தான் அதிகமாக இருந்தது. கோரியாமா நகரில் 2011 டிசம்பரிலேயே பெரிய உள்ளரங்க விளையாட்டுக்கூடம் ஒன்றைத் திறந்தார்கள். அந்த விரைவை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதே கரையிலுள்ள கமாய்ஷி நகரில் அலை அழித்த இரு பள்ளிகளின் இடத்தில் ரக்பி அரங்கம் எழுந்து, 2019இல் உலகக் கோப்பை ஆட்டமும் நடந்தது. அடுத்த ஆட்டம் ஹகிபிஸ் சூறாவளியால் ரத்தானபோது, அதில் ஆடவிருந்த கனடா வீரர்கள் தெருவில் இறங்கிச் சேறு அள்ளினார்கள்.

எனினும் என்னை அதிகம் கவலைப்படுத்துவது முதியவர்களின் நிலைதான். வயல், தோட்டம், மீன்பிடி, அண்டைவீட்டுக்கு நடந்து போய்வருதல் ஆகியவையே அவர்களுக்கு உடற்பயிற்சியாக இருந்தன; அவர்கள் அதை உடற்பயிற்சி என்று எண்ணியதுகூட இல்லை. சிறு அறையில், செய்வதற்கு வேலையின்றி உட்கார்ந்திருந்ததால், காயமே படாத பலர் நடக்கும் வலிமையை இழந்தனர். அங்கே கைகொடுத்தவை, 1928 முதல் வானொலியில் ஒலித்து எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்ட கூட்டு உடற்பயிற்சியும், குடியிருப்பின் அருகே பயிரிடக் கிடைத்த சிறு நிலங்களும்தாம். ஆகவே நிவாரணத் திட்டம் தீட்டுவோர், வீடுகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போதே, அவற்றினிடையே பத்துப் பேர் கூடி நிற்கவும் ஒரு பாத்தி கீரை போடவும் இடம் ஒதுக்கவேண்டும் என்பேன்.