அகதியும் அடிமையும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் ஆம்ஹர்ஸ்ட்பர்கில் மாத்யூ எலியட்டின் கதையைக் கேட்டேன். அயர்லாந்தில் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1778ல், புரட்சியாளர்கள் வசமிருந்த பிட் கோட்டையிலிருந்து இரவோடு இரவாக பிரிட்டிஷ் பக்கம் ஓடிவந்து, டெட்ராய்ட் நதிக்கரையில் குடியேறி, மேல் கனடா (இன்றைய ஒன்டாரியோ) சட்டமன்ற உறுப்பினராகி, அமெரிக்காவுக்கு எதிரான 1812 போரில் உள்ளூர் மிலிஷியாப் படையின் கர்னலாகப் பூர்வகுடித் தலைவர் டெக்கும்சேயோடு நின்றவர். யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எனக்கு அவர் மூத்த அகதியாகத் தெரிகிறார். அவரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அவரைப் போல பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றவர்களைக் குறிக்கும் லாயலிஸ்ட் என்பதை ‘ராஜவிசுவாசி’ எனலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

எனலாம். டெக்கும்சே இன்னொரு நாளைக்கு.

உங்கள் கடிதம் வந்தபோது 1790ஆம் வருடத்து பிரிட்டிஷ் சட்டம் ஒன்றைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவிலிருந்து குடியேற வருகிறவர்கள் சுங்கவரி இல்லாமல் எதையெல்லாம் கொண்டுவரலாம்? நீக்ரோக்கள், வீட்டுச் சாமான்கள், வேளாண் கருவிகள், துணிமணிகள். சட்டத்தின் சொல் அது, வரிசையும் அதுதான். மனிதனுக்கும் மண்வெட்டிக்கும் நடுவே ஒரு காற்புள்ளி. நாலு நாளாக அந்தக் காற்புள்ளி என்னைத் தூங்கவிடவில்லை.

எலியட்டின் வயல்களில் உழைத்த அடிமைகள் டஜன் கணக்கில். போர்க்காலக் கொள்ளையில் பிடித்துவரப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. நீங்கள் எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை கடிதங்கள் எழுதியிருக்கிறீர்கள்! அப்படிப்பட்டவர் இந்த மனிதரைப் போய்ப் பக்கத்தில் உட்காரவைக்கலாமா? வெட்கமாக இல்லையா?

உறவு வேண்டுமென்றால் பீட்டர் மார்ட்டினிடம் போங்கள். 1793 மார்ச்சில், பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட பட்லர் ரேஞ்சர்ஸ் படையின் முன்னாள் சார்ஜன்ட் ஏடம் வ்ரூமன், குளோயி கூலி என்ற அடிமைப் பெண்ணைக் கட்டிப் படகில் ஏற்றி, நயாகரா நதிக்கு அக்கரையில், அமெரிக்கப் பக்கத்தில் விற்றார். அந்தப் பெண் திமிறியதையும் அலறியதையும் மேல் கனடாவின் துணைநிலை ஆளுநர் சிம்கோவிடம் போய்ச் சொன்னவர் மார்ட்டின். கறுப்பர், அதே படையில் போரிட்டவர். இரண்டு பேருமே லாயலிஸ்ட்தான்.

அந்த ஜூலையிலேயே சட்டம் வந்தது. இனி அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது. ஆனால் இருக்கிற ஒருவருக்கும் விடுதலை இல்லை. அடிமைத் தாய்க்கு இனி பிறக்கும் பிள்ளை 25 வயதில் விடுதலை பெறும். அதற்குமேல் சிம்கோவால் முடியவில்லை, சட்டமன்றத்திலேயே அடிமை முதலாளிகள் இருந்தார்கள். 1800ல் எலியட் போய் உட்கார்ந்தது அந்த மன்றத்தில்தான்.

1813ல் பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது, எழுபது தாண்டிய வயதில் அவர் வீட்டை விட்டுப் போனார். மறு வருடம் பர்லிங்டனில் இறந்தார். அங்கே எனக்கும் மனம் இளகுகிறது, மறைக்கவில்லை.

கட்டுரையை அனுப்புங்கள். அதில் மார்ட்டின் இல்லையென்றால் படிக்காமலே திருப்பி அனுப்புவேன்.