கல்யாணப் பத்திரிகையில் ‘க்ளீவ்’ வரலாமா?

கேள்வி: அண்ணன் கல்யாணப் பத்திரிகையில் ஆதியாகமம் 2:24 வசனத்தைப் பழைய ஆங்கில பைபிளில் உள்ளபடி போடச் சொல்கிறார் அப்பா. அதில் ‘க்ளீவ் அன்டூ ஹிஸ் வைஃப்’ என்று வருகிறது. அகராதியில் பார்த்தால் ‘க்ளீவ்’ என்பதற்கு ‘இரண்டாகப் பிளத்தல்’ என்று இருக்கிறது. நல்ல காரியத்துக்கு இது சரியா?

பதில்: தாராளமாகப் போடலாம். தமிழ் பைபிளில் அதே இடத்தில் ‘தன் மனைவியோடே இசைந்திருப்பான்’ என்றுதான் இருக்கிறது. நீங்கள் அகராதியில் பார்த்தது வேறொரு வினைச்சொல். இரண்டுக்கும் எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாகிவிட்டதால் வந்த குழப்பம் இது.

பழைய ஆங்கிலத்தில் இவை தனித்தனியாக இருந்தன. பிளப்பதற்கு ‘க்ளேயோஃபன்’, ஒட்டிக்கொள்வதற்கு ‘க்ளிஃபியன்’. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ‘க்ளீவ்’ என்று வந்து நின்றன. ஜெர்மன் மொழியில் அப்படி ஆகவில்லை. ஒட்டுவதற்கு அங்கே இன்றைக்கும் ‘க்ளேபன்’தான், பிளப்பதற்கு ‘க்ளீபன்’ என்ற பழைய சொல் தனியாக இருக்கிறது.

1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இரண்டு ‘க்ளீவ்’களையும் பார்க்கலாம். ரூத் தன் மாமியாரை ‘விடாமல் பற்றிக்கொண்டாள்’ என்கிற இடத்தில் ‘க்ளேவ்’ என்ற இறந்தகால வடிவம் வருகிறது. ஆபிரகாம் தகனபலிக்குக் கட்டைகளைப் பிளக்கும் இடத்திலும் அதே ‘க்ளேவ்’தான்! அதனால் வினை வடிவத்தை வைத்துப் பொருள் பிரிக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் சொல்லைத்தான் பார்க்க வேண்டும். ‘டூ’ அல்லது ‘அன்டூ’ சேர்ந்து வந்தால் ஒட்டிக்கொள்வது. அது இல்லாமல் நேராகச் செயப்படுபொருள் வந்தால் பெரும்பாலும் பிளப்பதுதான்.

இன்றைய ஆங்கிலத்தில் அதிகம் புழங்குவது பிளக்கிற ‘க்ளீவ்’. கறிக்கடைக் கத்திக்கு ‘க்ளீவர்’ என்று பெயர் வந்தது இதிலிருந்துதான். அண்ணப்பிளவைக் குறிக்கும் ‘க்ளெஃப்ட் பேலட்’டில் இருப்பதும் இதுவே. நொதிகள் டிஎன்ஏவை வெட்டுவதையும் உயிரியலில் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒட்டுகிற ‘க்ளீவ்’ கொள்கை, நம்பிக்கை, உறவு என்று பற்றி நிற்கிற இடங்களில் மட்டும், கொஞ்சம் பழைய வாசனையோடு வரும். அதனால்தான் உங்களுக்கு அது பழக்கமில்லாமல் தெரிகிறது.

சொந்தக்காரர்கள் யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கம் இருந்தால், புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றிலிருந்து அதே வசனத்தை எடுங்கள். சிலவற்றில் ‘யுனைட்டட் டூ’ என்றும் சிலவற்றில் ‘ஹோல்ட் ஃபாஸ்ட் டூ’ என்றும் இருக்கும். வேறு வேறு பதிப்புகளின் வார்த்தைகளைக் கலந்து போடாதீர்கள். பழையதையே போடுவதாக இருந்தால் அச்சகம் தரும் ப்ரூஃபில் ‘அன்டூ’ விடுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சொல் விழுந்துவிட்டால், மனைவியைப் பிளப்பான் என்றாகிவிடும்.