கேட்காமல் உட்கார்ந்திருந்தவள்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று மூன்று முறை நவநாள் செபம் முடித்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. நீங்களோ, பலனுக்காகச் செபிக்காதீர்கள், ஆண்டவரோடு நெருங்கியிருக்கத்தான் செபம் என்று எழுதுகிறீர்கள். அப்படியானால் கேட்பதே தவறா? செபமாலை சொல்லும்போது மனம் அலைகிறது, அதனால்தான் பலன் இல்லையா? வேளாங்கண்ணியா, ஓரியூரா, எங்கே நேர்ந்துகொண்டால் சீக்கிரம் நடக்கும்?

ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள தம்பி,

மனம் எல்லோருக்கும்தான் அலைகிறது, அதை விடுங்கள். எங்கே சீக்கிரம் நடக்கும் என்ற கேள்வியை மட்டும் இனி யாரிடமும் கேட்காதீர்கள். மூன்று நவநாள், ஒன்பது ஒன்பதாக இருபத்தேழு நாள். அதற்குக் கணக்குத் தீர்க்கச் சொல்லி நிற்கிறீர்கள். பெற்ற தகப்பனிடம் இப்படி நிற்பீர்களா?

கேட்பது தவறில்லை. கெத்சமனியில் இயேசுவே கேட்டார், இந்தத் துன்பக் கிண்ணத்தை அகற்றும் என்று. அகலவில்லை. ஆனாலும் சிலுவையில் கடைசி மூச்சிலும் தந்தையே என்றுதான் கூப்பிட்டார்.

ஓரியூர் என்று எழுதிவிட்டீர்கள், புனித அருளானந்தர் ரத்தம் சிந்திய ஊர். சில நாளாக அந்த ஊர் நினைப்பாகவே இருக்கிறேன். என் சித்தப்பா நோயில் கிடந்தபோது அப்பத்தா தேவகோட்டையிலிருந்து ஓரியூருக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டு வந்தாள். சித்தப்பா பிழைக்கவில்லை. அடுத்த பிப்ரவரியில் மறுபடி கிளம்பினாள், என்னையும் கூட்டிக்கொண்டு. பூசை முடிந்து ஜனமெல்லாம் செம்மண்ணைத் துணியில் முடிந்துகொண்டிருந்தது. அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள், வெகுநேரம். கேட்டதைத் தராத இடத்துக்கு எதற்கு வந்தாய் என்று கோபமாகக் கேட்டேன். "அவுக தலைய வெட்டுன மண்ணுல உக்காந்துக்கிட்டு நான் என்னத்தடா கேக்க? ஆண்டவரு பக்கத்துல செத்த உக்காந்துட்டு வாரேன்" என்றாள்.

போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார் ஜான் டி பிரிட்டோதான் நம் அருளானந்தர். அவர் அந்த மண்ணில் கொல்லப்பட்டது 1693 பிப்ரவரி 4. அதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து கரியால் கடிதம் எழுதினார். அதில் விடுதலை கேட்கவில்லை, சாவை ஆவலோடு எதிர்பார்ப்பதாக எழுதினார். இத்தனைக்கும் அதற்கு முன்பே இந்தச் சீமையில் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, போர்ச்சுகல் போனவர். அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். வந்தால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்த்திருந்தால் வந்திருப்பாரா?

தடியத்தேவர் கதையையும் நினைத்துப் பாருங்கள். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி வம்சத்தவர். அவரும் உங்களைப் போலக் கேட்டுத்தான் வந்தார், நோய் தீர வேண்டும் என்று. தீர்ந்தது. சுகமானதும் அவர் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஞானஸ்நானம் கேட்டார், ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அப்போது ஆண்ட சேதுபதிக்கு உறவு, அந்தப் பகைதான் அருளானந்தரின் உயிரை வாங்கியது. கேட்டுக்கொண்டு வந்த மனிதர் கேட்டது கிடைத்த பிறகும் ஆண்டவரை விட்டுப் போக மனமில்லாமல் நின்றாரே தம்பி, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். "எனக்கோ, தேவனை அண்டிக்கொண்டிருப்பதே நலம்" என்று 73ஆம் சங்கீதத்தில் ஒருவர் பாடுகிறார். கெட்டவர்கள் செழிப்பதைப் பார்த்து உங்களைவிட அதிகமாக வெந்துபோனவர் அவர். ஒருநாள் வேலை கிடைத்துவிடும். மறுநாள் காலை செபமாலையை எடுப்பீர்களா? எனக்கு அந்தக் கவலைதான்.

பிப்ரவரியில் ஓரியூர் போகிறேன். தேவகோட்டை வந்துவிடுங்கள், சேர்ந்தே போகலாம். மகளையும் கூட்டி வாருங்கள். அவள் வேலைக்காக நான் கேட்கிறேன். நீங்கள் அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.