எட்டுப் பேர், ஐந்து செயலிகள்

அன்புள்ள ஐயா,

எட்டுப் பேர் கொண்ட மென்பொருள் குழுவுக்கு நான் பொறுப்பு. ஆளுக்கொரு ஊரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். ஸ்லாக், ஜூம், ட்ரெல்லோ, கூகுள் டாக்ஸ், போதாததற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். இத்தனை இருந்தும் "அன்றைக்கு என்ன முடிவு செய்தோம்?" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். பாதி நாள் மீட்டிங்கிலேயே போய்விடுகிறது. இவற்றைவிட நல்ல செயலி ஏதாவது உண்டா? கேமராவைக் கட்டாயமாக்கலாமா? யார் எவ்வளவு நேரம் கணினி முன் இருக்கிறார்கள் என்று கண்காணிக்கும் மென்பொருளைப் போடச் சொல்கிறது நிர்வாகம். என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். இருப்பதில் ஒன்றை மூடுங்கள். என்னைக் கேட்டால் வாட்ஸ்அப் குரூப்பை.

ஜூமில் பேசி ஒரு முடிவுக்கு வருகிறீர்கள். இரவு வாட்ஸ்அப்பில் ஒருவர் அதைத் திருத்துகிறார். ட்ரெல்லோ பலகையில் அந்த வேலைக்கென்று இருக்கும் அட்டையில் போன வாரத்துச் சேதியே கிடக்கிறது. எது கடைசி என்று அந்த நேரத்தில் அங்கே இருந்தவருக்குத்தான் தெரியும். எட்டுப் பேரில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 28 வழிகள் உண்டு. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் 45. ஒரே அறையில் இருந்தால் பாதி விஷயம் தானாகவே காதில் விழுந்துவிடும். உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

ஆகவே எங்கே பேசினாலும் சரி, முடிவு அந்த வேலைக்குரிய அட்டையில் ஏறியாக வேண்டும். நீளமான மினிட்ஸ் வேண்டாம், யாரும் படிப்பதில்லை. "பணம் திருப்பித் தரும் பக்கம் இந்த வெளியீட்டில் வராது. வங்கித் தரப்பில் சோதனை முடியவில்லை. வியாழக்கிழமை மறுபடி பார்ப்பது: க." இவ்வளவு போதும். நடுவில் இருக்கும் காரணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். காரணம் எழுதாத முடிவை மூன்று வாரம் கழித்து யாராவது மறுபடி கிளப்புவார்கள்.

1991-இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னலில், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியில், பல நாடுகளில் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் பங்களிக்கிறார்கள். இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் மாற்றங்களை அனுப்புகிறார்கள், அங்கேயே சண்டையும் போடுகிறார்கள். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) என்ற மென்பொருளை 2005-இல் எழுதியது இந்த வேலைக்காகத்தான். ஒவ்வொரு மாற்றத்தோடும் அது எதற்காக என்ற குறிப்பும் சேர்ந்தே போகிறது.

சாட்டில் "ஹாய், ஃப்ரீயா?" என்று மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் "சொல்லுங்க" என்று பதில் போடும்போது கேட்டவர் சாப்பிடப் போயிருப்பார். என்ன பிரச்சினை, இதுவரை என்ன செய்து பார்த்தார், எப்போதைக்குள் பதில் வேண்டும், எல்லாம் முதல் செய்தியிலேயே வந்துவிட வேண்டும்.

மீட்டிங் பாதியாகக் குறைவதற்கு இதுவே போதும். நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவினாடி அளவுதான். வீடியோ அழைப்பில் இணையத்தின் தாமதம் அதோடு சேர்ந்ததும் இருவர் ஒன்றாக ஆரம்பித்து, ஒன்றாக நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க" என்று நேரம் ஓடுகிறது. எட்டுப் பேர் விவாதிக்க அது தோதான இடமில்லை. இரண்டு மூன்று பேருக்குள் முடிச்சு விழுந்திருந்தால், அல்லது ஒருவர் மனம் நொந்திருக்கிறார் என்று தெரிந்தால், அப்போது தட்டச்சு செய்துகொண்டிருக்காமல் உடனே கூப்பிட்டுப் பேசுங்கள்.

கேமராவைக் கட்டாயமாக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதிய கட்டுரையில் வீடியோ அழைப்பு களைப்பூட்டுவதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். நம் முகத்தையே நாம் பார்த்துக்கொண்டிருப்பது அதில் ஒன்று. நம் படத்தை நமக்கு மட்டும் மறைக்கும் வசதி ஜூமிலேயே இருக்கிறது. குழுவுக்கு அதைக் காட்டிக்கொடுங்கள்.

அப்புறம், கண்காணிப்பு மென்பொருள். மௌஸைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கும் கருவிகளே விற்பனைக்கு இருக்கின்றன. நீங்கள் மென்பொருளை வாங்கினால் உங்கள் ஆட்கள் அந்தக் கருவியை வாங்குவார்கள். நல்ல குழுவைத் திருட்டுத்தனம் பழக்கிக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. நிர்வாகத்துக்கு ட்ரெல்லோ பலகையைப் பார்க்கும் அனுமதியைக் கொடுத்துவிடுங்கள். எந்த வேலை முடிந்தது, எது யாரிடம் எதனால் நிற்கிறது என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். அதற்குப் பிறகும் மௌஸ் அசைவுதான் வேண்டும் என்று கேட்டால், அதை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.