மூடியின் மடிப்பு ஏன் உடைகிறது?

கேள்வி: ஓசூரில் சிறிய பிளாஸ்டிக் பட்டறை நடத்துகிறேன். மாத்திரைப் பெட்டியையும் மூடியையும் ஒரே துண்டாக, நடுவில் 2 மி.மீ. அகல மடிப்போடு, ஏபிஎஸ் என்கிற விறைப்பான பிளாஸ்டிக்கில் வார்த்தோம். சில தடவை திறந்ததும் மடிப்பு உடைந்தது. தடிமனை 0.5-லிருந்து 1 மி.மீ. ஆக்கினோம், இன்னும் சீக்கிரம் உடைகிறது. கணினிச் சோதனை தாங்கும் என்றதே?

பதில்: தடிமனைக் கூட்டியதுதான் வினை. மடக்கும்போது வெளிப்பரப்பு நீள வேண்டும். தடிமன் இரட்டித்தால் அந்த நீட்சியும் இரட்டிக்கும். உங்கள் 1 மி.மீ. மடிப்பை முழுக்க மடக்கினால் வெளிப்பரப்பு சுமார் 78 சதவீதம் நீளவேண்டி வரும். ஏபிஎஸ் அதைத் தாங்காது. விறைப்போ எட்டு மடங்காகிவிட்டது. வளைந்தாலே பழுது என்று கல்லூரியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு, மெலிந்தால்தான் நிலைக்கும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. இது எனக்குத் தீராத வருத்தம்.

கணினி பொய் சொல்லவில்லை. சிறிய அசைவுக்கான கணக்கை முழு மடிப்புக்குப் போட்டிருப்பார்கள். பெரிய வளைவுக்கான கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

பாலிபுரொப்பிலீன் என்கிற வளையும் பிளாஸ்டிக்குக்கு மாறுங்கள், மடிப்பு 0.3 மி.மீ. இருக்கட்டும். மோல்டிலிருந்து (வார்ப்பு அச்சிலிருந்து) வந்த சூட்டோடு சில தடவை மடக்கிவிடுங்கள். மூலக்கூறுகள் மடிப்புக்குக் குறுக்காக வரிசைப்பட்டு உறுதியாகும். உருகிய பிளாஸ்டிக் ஒரு பக்கம் நுழைந்து மடிப்பைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும். இருபுறமும் கேட் (பிளாஸ்டிக் நுழையும் வாய்) வைத்தால் இரண்டு ஓட்டமும் மடிப்பிலேயே சந்தித்து, அந்தக் கோட்டில் பிளக்கும்.

பிளாஸ்டிக் குருணை விற்கும் இடைத்தரகரிடம் ஏமாந்துவிடாதீர்கள். கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்து, ரீபிராசஸ்டு (மறுபடி உருக்கிய பழையது) கலந்த மூட்டையை வெர்ஜின் (புத்தம் புதியது) என்பார்கள். பக்கெட்டுக்கு அது போதும், மடிப்புக்கு ஆகாது. உற்பத்தியாளரின் தரச் சான்று, லாட் எண்ணோடு வேண்டும். பில் இருந்தால் போதும் என்கிற வழக்கம்தான் இந்தத் தொழிலைக் கெடுக்கிறது.

ஒரு விலக்கு. பெட்டி ஃபிரிட்ஜில் இருக்குமா? பாலிபுரொப்பிலீனில் சாதாரண ஹோமோபாலிமர் (வேறு கலப்பில்லாத) வகை பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அறையில் நன்றாக மடங்கிய மூடி, இன்சுலினோடு குளிரில் இருந்து வெளியே எடுத்ததும் விரிசல் விடலாம். அப்படியானால் கோபாலிமர் (எத்திலீன் சேர்த்த) வகை கேளுங்கள், மூடியை ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்து, எடுத்த உடனே திறந்து பாருங்கள். வெளியே வைக்கும் பெட்டி என்றால் இந்தக் கவலை வேண்டாம்.

அப்புறம் மோல்டு. ஏபிஎஸ்ஸைவிடப் பாலிபுரொப்பிலீன் அதிகம் சுருங்கும், அதனால் பூட்டும் கொக்கியை மறுபடி அளந்து பாருங்கள். மடிப்பை மெலிதாக்க மோல்டில் எஃகு சேர்க்க வேண்டும், அது சிரமம். ஆகவே முதலிலேயே 0.25 மி.மீ.-இல் தொடங்குங்கள், போதாவிட்டால் எஃகைச் சற்றே செதுக்கி மடிப்பைத் தடிமனாக்கிக்கொள்ளலாம்.