காமெடிப் படமும் கல்லாப்பெட்டியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: '10 கோடி வசூல்' என்று போஸ்டர் ஒட்டிய காமெடிப் படத்தின் தயாரிப்பாளர், அடுத்த மாதமே நஷ்டம் என்கிறார். எதை நம்புவது? (வாசகி, பெரம்பூர்)

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். போஸ்டரில் வருவது கிராஸ், அதாவது நீங்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தப் பணம். சென்னையில் ஒரு டிக்கெட்டின் அடிப்படை விலை 150 ரூபாய் என்றால், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 27 ரூபாய். அப்புறம் உள்ளாட்சி கேளிக்கை வரி. வரிகளைக் கழித்தால் 10 கோடி, 8 கோடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதில் தியேட்டருக்குப் பாதி என்று வைத்தாலும் ஷேர், அதாவது படத்தின் பக்கம் வரும் பங்கு, 4 கோடிதான். விநியோகஸ்தர் கமிஷன், விளம்பரச் செலவு, தியேட்டரில் டிஜிட்டலாகப் படம் ஓட்டுவதற்கான க்யூப் கட்டணம் எல்லாம் போவது இந்த 4 கோடியிலிருந்து. 5 கோடி போட்டுப் படம் எடுத்தவர் தியேட்டரை மட்டும் நம்பியிருந்தால் எப்படித் தேறுவார்? ஃபைனான்ஸ் வட்டி வேறு. ரிலீஸ் ஆறு மாதம் தள்ளிப்போனால் அந்த ஆறு மாத வட்டியும் படத்தின் செலவுதான். அந்தப் பணத்தில் திரையில் ஒரு ஃப்ரேம்கூடக் கூடுவதில்லை.

கேள்வி: சண்டை இல்லை, வெளிநாட்டுப் பாட்டு இல்லை. காமெடிக்கு ஏன் இவ்வளவு செலவு? (வாசகர், குரோம்பேட்டை)

காம்பினேஷன், அதாவது பல நடிகர்கள் ஒன்றாக வரும் காட்சி! தயாரிப்பு நிர்வாகியாக சாலிகிராமத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் என்னைத் தூங்கவிடாத விஷயம் இது. ஒரு கல்யாண வீட்டுக் காட்சி, எட்டு பேர் ஒன்றாக நின்றால்தான் சிரிப்பு வரும். காமெடி நடிகர்கள் பலருக்கு நாள் கணக்கில் சம்பளம், கையில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று படம் இருக்கும். எட்டு பேரின் கால்ஷீட்டும் ஒரே நாளில் விழ வேண்டும். ஒருவர் மதியமே கிளம்பிவிட்டால் மற்ற ஏழு பேரின் சம்பளம், யூனிட் பேட்டா, வீட்டு வாடகை, ஜெனரேட்டர் டீசல் எதுவும் நிற்காது. அவருடைய ரியாக்‌ஷனை மட்டும் இன்னொரு நாள் தனியாக எடுத்து ஒட்டலாம்தான். அப்படி ஒட்டிய இடத்தில் தியேட்டரில் சிரிப்பு விழுந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்: லொகேஷனைக் குறையுங்கள், கேரவனைக் குறையுங்கள், காம்பினேஷன் நாட்களில் மட்டும் கை வைக்காதீர்கள். ஷூட்டிங்குக்கு முன்னால் எல்லோரையும் ஒரு ஹாலில் உட்கார வைத்து வசனம் படிக்க வைப்பதற்கு, ஹால் வாடகையும் டீ, வடையும்தான் செலவு. செட்டில் அது எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: காமெடிப் படம் வேறு மொழியில் விலை போகுமா? (வாசகர், மயிலாப்பூர்)

டப்பிங்கில் கஷ்டம். மதுரைக் கிண்டலை வேறு மொழியில் அப்படியே கொண்டுவர முடியாது. ரீமேக்குக்கு வாய்ப்பு அதிகம். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்தது, 1965இல் தெலுங்குக்கும் 1966இல் இந்திக்கும் போய்விட்டது. நாகேஷ் செய்த செல்லப்பா வேடத்தை இந்தியில் மெஹ்மூத் செய்தார். இவ்வளவு மதிப்புள்ள ரீமேக் உரிமையைக் கவனிக்காமல், டிவி உரிமையோடு சேர்த்து ஒரே தொகைக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். காமெடிப் படம் டிவியில் திரும்பத் திரும்ப ஓடும். மொத்தமாக எழுதிக் கொடுத்தவருக்கு அதற்குப் பிறகு ஒரு பைசா வராது.

கேள்வி: முதல் நாள் கூட்டம் இல்லாவிட்டால் படம் அவ்வளவுதானா? (வாசகி, அம்பத்தூர்)

இல்லவே இல்லை. பெரிய ஹீரோ இல்லாத காமெடிக்கு வெள்ளிக்கிழமை காலைக் காட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. குடும்பங்கள் வருவது ஞாயிற்றுக்கிழமைதான். பார்த்தவர்கள் திங்கட்கிழமை ஆபீசில் சொல்வார்கள், கேட்டவர்கள் அடுத்த வாரம் போகலாம் என்று இருப்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையோ புதுப்படம் வந்துவிடும், மாலைக் காட்சி பறிபோய் காலை 11 மணிக் காட்சி மட்டும் மிஞ்சும். வேலைக்குப் போகிற ஜனம் அதற்கு எப்படி வரும்? ஒரு மாலைக் காட்சியையாவது இரண்டாவது வாரமும் விட்டுவைக்கும்படி தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் பார்க்கும் எண்ணம் இருந்தால், முதல் வாரத்திலேயே போய்விடுங்கள்.